மனைவி படிக்கும் ஆள்

மனைவி மறுபடியும் சிரித்தாள். அன்றைக்கு அது நான்காவது தடவை.

பிழைதிருத்துநர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். அச்சகத்தில் முப்பது வருடம் ஊரார் போட்ட காற்புள்ளிகளை எண்ணியவருக்கு இது ஒரு வேலையா?

"என்ன படிக்கிற?"

"சும்மா ஒரு கதைங்க."

"யார் எழுதினது?"

"பேரெல்லாம் எதுக்கு? ஆளு நல்லாச் சிரிக்க வைக்கிறாரு."

ஆளு! பிழைதிருத்துநர் மனசுக்குள்ளேயே அந்த வார்த்தைக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார்.

வீட்டில் அவருடைய காகிதப் புத்தகங்கள் மூவாயிரம். பின்சுவர் இடிந்து விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. அலமாரிகள் அசையாமல் நின்றதால் யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்ததைத்தான் அவள் படித்தாள். அட்டையைப் பார்த்தால் யாரோடு இருக்கிறாள் என்று தெரியும். நடுவில் செருகிய சீட்டைப் பார்த்தால் எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்றும் தெரியும். மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு டேப்லெட் வாங்கினாள். அதற்கு அட்டையும் இல்லை, சீட்டும் இல்லை. கேட்டால், "உங்க அலமாரி மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடும்" என்றாள். அதைவிட அவரைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

புத்தகம் தேடுகிற சாக்கில் அவள் முதுகுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். ஒரே கறுப்பு. எழுத்தே இல்லை. அவளோ அதே கறுப்பைப் பார்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அச்சகத்தில் தட்டச்சரிடம் ஜாடையாக விசாரித்தார்.

"அது ஒரு ஒட்டுண்ணே. கண்ணாடி மேல ஒட்டிட்டா, நேரா பாக்கிறவங்களுக்கு மட்டும்தான் எழுத்து தெரியும். எட்டிப் பாக்கிறவங்களுக்கு இருட்டு."

"அதையெல்லாம் யாருப்பா ஒட்டுவா?"

"மறைக்க விஷயம் உள்ளவங்க" என்று தட்டச்சர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பிழைதிருத்துநர் பார்த்த பக்கங்களில் ஒரு பிழைகூடத் திருத்தப்படவில்லை. புதிதாக ஏழு சேர்ந்தன.

சாயங்காலம் அவள் தலைக்கு நேர் மேலே இருக்கும்படி ஏணியைப் போட்டு, தூசி தட்டுகிறவர்போல ஏறினார். கழுத்தை நீட்டினார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஏணி ஒரு பக்கம் போக, அவர் இன்னொரு பக்கம் போனார். ஏழு தொகுதி அகராதி ஒன்றுவிடாமல் அவர்மேல் வந்து உட்கார்ந்தது.

அகராதிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பைக் கேட்டார்.

"இப்ப எதுக்குடி சிரிச்ச?"

"கதையில ஒருத்தர் தொபுக்கடீர்னு விழுந்துட்டாருங்க. உங்களுக்கு அடி கிடி பட்டுதா?"

அடி பட்டிருந்தது, முழங்காலில் மட்டும் இல்லை. மூவாயிரம் புத்தகம் சேர்த்து இருபத்தைந்து வருடம் அவளுக்கு ஊட்டியவர் தரையில் கிடக்கிறார். எவனோ ஒருவன் கதைக்குள் விழுந்ததற்கு அவள் சிரிக்கிறாள்! அவனை வெளியே நின்று ஜெயிக்க முடியாது, அவன் இருக்கிற இடத்துக்கே போய்விட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் பழைய புத்தகக் கடைக்காரரை வரவழைத்தார்.

"மொத்தமுமா சார்? நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"காகிதம் தோத்துப்போச்சுய்யா. அள்ளிக்கிட்டுப் போ."

வண்டி மூன்றாவது நடை போனபோது வீட்டுக்குள்ளிருந்து பக்கத்துத் தெரு தெரிந்தது. அங்கே நடந்து போனவர் ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார்.

கையில் வந்த பணத்தோடு பிழைதிருத்துநர், மனைவி டேப்லெட் வாங்கிய கடைக்கு நொண்டிக்கொண்டே ஓடினார்.

"தம்பி, என் வீட்டுக்காரி வச்சிருக்காளே, அதே மாதிரி ஒண்ணு குடு. அவ படிக்கிறதெல்லாம் எனக்கும் அதுல வரணும். அந்தக் கறுப்பு ஒட்டு மட்டும் வேணாம்."

கடைக்காரர் நிமிர்ந்து அவர் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"ஒட்டா? அக்காவோட டேப்லெட்டே கெட்டு, திரை எரியாமப் போய் மூணு மாசமாச்சே சார். சரி பண்ணித் தரேன்னுதான் சொன்னேன். 'வேணாம் தம்பி, பின்னால நின்னு எட்டிப் பாக்கிறவர் மூஞ்சி இதுல பளிச்சுன்னு தெரியுது, எனக்கு இதுவே போதும்'னு அக்கா வாங்கிட்டுப் போயிட்டாங்க!"