கடைமடைக்கும் ஒரு நீதிபதி

பெருமதிப்புக்குரிய ஃபிடென்சியோ மாமாவுக்கு, தங்கை மகள் லியோகாடியா வணக்கத்துடன் எழுதுவது. அம்மா டயாலிசிஸை வழக்கம்போலத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார். உங்கள் முழங்கால் வலியும் பனியோடு சேர்ந்து கரையட்டும்.

வெள்ளிக்கிழமை நடந்ததற்கு முதலில் மன்னியுங்கள். ஆளுநருக்கு நீதிபதி பெயர்களை அனுப்பும் குழுவில், வக்கீல்களுக்கு நடுவே, வாய்க்கால் மேற்பார்வை பார்க்கும் உங்களையும் உட்கார வைத்திருப்பது நம் குடும்பத்துக்கே பெருமை. அதைப் பார்க்கவும், பொதுமக்கள் பேசும் நேரத்தில், நீதிபதி பதவி கேட்டிருக்கும் தஃபோயா வக்கீலம்மாவைப் பற்றி மூன்று நிமிடம் பேசவும்தான் வந்தேன். உங்கள் மதியச் சாப்பாட்டுக்கென்று அத்தை கொடுத்த போசோலே, சோளமும் கறியுமாகக் கொதிக்கக் கொதிக்க, பானையோடு என் மடியில் இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் பயத்தில் பானையோடேயே எழுந்து மேசைவரை போய்விட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "குழுவுக்கு யாரும் எதுவும் குடுக்கக் கூடாதும்மா," என்றார். இது மாமாவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் மோசம். நீங்களும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பானையை வெளியேற்றியதாகக் குறிப்பில் எழுதி, காவலரிடம் ஒப்படைத்து, அவர் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில் பாதி காலியாகி, அதற்குள் என் மூன்று நிமிடமும் தீர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தேன்.

பேச நினைத்தது இதுதான். பள்ளிக்கூடம் போகாததற்காகப் போன வருடம் என்னைக் கோர்ட்டில் நிறுத்தினார்களே, அப்போது, இந்த மாதம் ஓய்வு பெறுகிற நீதிபதி, ஏன் போகவில்லை என்று மூன்று தடவை கேட்டார். நான் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றேன். திமிர் என்று எழுதப் போனார். எனக்காக வந்திருந்த வக்கீலம்மாதான் ஒரு காகிதத்தை நீட்டி, "எழுதிக் குடு கண்ணு, அவசரமில்ல," என்றார். வாரம் மூன்று நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நீதிபதி அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

வக்கீலம்மாவுக்குத் திக்குவாய். வெள்ளிக்கிழமை பேட்டியில் அந்த வங்கிக்கார உறுப்பினர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "ஏற்கெனவே கேஸெல்லாம் ஆமை மாதிரி போகுது. நீங்க தீர்ப்பு வாசிச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க கிழவனாயிடுவோமே?" சிலர் சிரித்தார்கள். வக்கீலம்மாவும் சிரித்துவிட்டு, "தீ... தீர்ப்பைச் சின்னதா எழுதுவேன் சார். ஆனா எதிர்ல நிக்கறவங்க சொல்லி முடிக்கறவரைக்கும் கா... காத்திருப்பேன்," என்றார்.

மாமா, அப்போதுதான் நீங்கள் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்தீர்கள். "இருக்கற அஞ்சு ஜட்ஜும் ஒரே காலேஜ், ஒரே தெரு. எல்லாரும் மேல்மடைக்காரங்க. கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா இவங்கள்ல யாருக்குத் தெரியும்?"

எனக்குக் கை தட்ட ஆசை. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு பனி கொட்ட ஆரம்பித்ததும் உறுப்பினர்கள் இரண்டு பேர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட, வாக்கெடுப்பு செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. குழு சரிபாதியாக நிற்கிறதென்று காவலர் சொன்னார். ஒரே ஓட்டில் வக்கீலம்மா பெயர் ஆளுநருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆகவே மேலே எழுதியதை நீங்களே மற்றவர்கள் காதில் போட்டு, எப்படியாவது அனுப்ப வையுங்கள். நான் இனி அந்த அறைப் பக்கமே வரமாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. இந்த வருடமாவது உங்கள் வாய்க்காலில் மண்வெட்டிச் சண்டை இல்லாமல் தண்ணீர் ஓடட்டும்.

பணிவுடன்,
லியோகாடியா

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை போன் செய்தார். குழுவில் இருப்பவருக்கு இப்படித் தனியாக எழுதக் கூடாதாம். எழுதினால் நீங்கள் ஓட்டுப் போடாமல் ஒதுங்க வேண்டிவருமாம். "சொல்றதை எல்லார் முன்னாடியும் சொல்லணும்டி, இல்லன்னா சும்மா இருக்கணும்," என்றார். எனவே இந்தக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பவில்லை. செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அங்கே வந்து, முதல் வரியிலிருந்து வாசிக்கப் போகிறேன்.