வட்டகொடையில் ஓர் அமெரிக்கப் பாலைவனம்

குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அமெரிக்கப் பாலைவனக் கொம்புப் பல்லியைப் பற்றி முதல்நாள்தான் ஒரு காணொளி பார்த்திருந்தேன். அது வாழும் நெவாடா, யூட்டா, அரிசோனா எல்லாம் மனப்பாடம். நிமிர்ந்தால், எதிர் மரத்தில் கொம்போடு ஒரு பல்லி! அதேதான் இது!

அப்போது உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். (எல்லாம் தெரிந்துவிட்ட வயது.) எங்கள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக் குளிருக்குப் பாலைவனப் பல்லி எப்படி வந்தது? தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்த புது இயந்திரத்தின் மரப்பெட்டிக்குள் ஒளிந்து வந்திருக்கிறது! காணொளிப் பல்லிக்குத் தலையைச் சுற்றிக் கொம்புகள்; இதற்கு மூக்கு நுனியில் ஒன்றே ஒன்று. 'மற்றவை பயணத்தில் உடைந்திருக்கலாம்' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. பிடித்து வந்த பல்லி அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். பிஸ்கட் டின்னில் மணல் கொட்டி, அடுப்போரம் வைத்துப் பாலைவனம் அமைத்தேன். கண்ணிலிருந்து இரத்தம் பீய்ச்சும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் பல்லி வாயைப் பிளந்து கிடந்தது. அம்மாவோடு கொழுந்தெடுக்கும் பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம் புள்ள, கொம்பு ஓணானப் புடிச்சு வறுக்குற?"

"அமெரிக்காவுலருந்து வந்ததுக்கா. சூடு வேணும்."

"அமெரிக்காவா! எட்டாம் நம்பர் மலையில, காட்டோரமா தெனமும் பாக்குறோம். வேல வாங்குற கண்டாக்கையா மாதிரி அசையாம நின்னு, நாங்க வேல செய்யுறதயே பாத்துக்கிட்டு இருப்பான்."

அம்மா டின்னைப் பிடுங்கி மணலைக் கொட்டினார். ஈரப்பாசி பரப்பி, பல்லியைச் சாரலில் வைத்தார்.

"இது மட்டும் செத்துச்சு, அடுத்து ஒன்னத்தான் அடுப்புல வைப்பேன்."

குந்தியிருந்து "ஸாரி, ஸாரி" என்றேன். (அமெரிக்கப் பல்லி என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை, அதனால்தான் ஆங்கிலத்தில்.) அரைமணி நேரம் கழித்து ஒரு கால் அசைந்தது. பிறகு ஒரு கண் திறந்து என்னைப் பார்த்தது. உடனே மூடிக்கொண்டது.

அதை அதே மரத்தில் விட்டுவிட்டு வந்து, தேடிப் படித்தேன். இலங்கையின் மலைநாட்டுக் குளிர்க்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பல்லி! அதற்குப் போய் நான் அமெரிக்கக் குடியுரிமை கொடுத்திருந்தேன்.

கண்காட்சியில் என் மேசையில் மணல் மட்டும் இருந்தது. மூன்று வருடமாகியும், வீட்டில் அடுப்பு மூட்டினால் "நெவாடா பத்திக்கிச்சு" என்கிறார்கள்.

சிரிக்கட்டும். நாளை முதல், கொழுந்து நிறுக்குமிடத்தில் குறிப்பேட்டோடு நிற்பேன். எந்த மலையில், எந்த மரத்தில் கண்டீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, இந்தப் பல்லி வாழும் இடங்களுக்கு வரைபடம் போடாமல் விடமாட்டேன். செல்வி அக்கா இப்போதே நிபந்தனை போட்டுவிட்டார்: முதல் புள்ளிக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்க வேண்டுமாம்.