ஏரிக்கரைக்குத் தலைக்கட்டு வரி

“ஏப்ரல் 6. இன்று ஒரு சிறு தவறு. வரிப் பட்டியலில் நாற்பது வீடுகளைக் கூடுதலாக எழுதிவிட்டேனாம். எப்படி எண்ணினாலும் அந்த வீடுகள் ஊரில்தான் இருக்கின்றன.”

எழுதிய பிறகு யுவஸ்ரீ ‘தவறு’ என்ற சொல்லை அடித்தாள். சந்தேகம் வந்து மறுபடியும் எழுதினாள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஏரிக்கரையில் அறுநூறு மரக்கன்றுகளை நட்ட தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வருஷா வருஷம் ஏறும் வெயிலுக்கு நிழல் வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து வந்த பணம் மாசியோடு நின்றுபோனது. தண்ணீர் லாரி வராவிட்டால் கன்றுகள் சித்திரையைத் தாண்டா. மாரியம்மன் பண்டிகைக்குப் போடுவதுபோல வீட்டுக்கு ஐந்நூறு தலைக்கட்டு வரி போடலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். மாலைக் கல்லூரி வகுப்பு முடிந்து வந்து, வீதி வீதியாகப் பட்டியலும் எழுதினாள்.

கோயில் தர்மகர்த்தாவான பெரியப்பா சின்னுசாமி பட்டியலைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம் புள்ள, காலனி ஊட்டையெல்லாம் எதுக்கு எழுதின?”

“அவங்களுக்கும் வெயில் அடிக்குதுங்க பெரியப்பா.”

“அடிக்கட்டும். இதுக்கு வரி வாங்கினா, நாளைக்குக் கோயிலுக்கும் வாங்குங்கம்பாங்க. அப்பறம் தேர் வடத்தைக் கொண்டாம்பாங்க.”

நாற்பது வீடுகளும் போயின. இருபதாயிரம் குறைந்தது. சரி, காலனியில் நன்கொடையாக வாங்கலாம் என்று ரசீதுப் புத்தகத்தோடு போனாள். கூடப் படித்த அறிவுச்செல்வி வாசலிலேயே நிறுத்தினாள்.

“நன்கொடை வெளியூர்க்காரங்க குடுக்கறது யுவஸ்ரீ. நாங்க இந்த ஊரு. வரின்னு ரசீது போடு, இப்பவே தாரோம்.”

“பெரியப்பா ஒத்துக்க மாட்டாரு.”

“அப்பச் சரி. டீயாவது குடிச்சிட்டுப் போ. இல்ல, அதுக்கும் பெரியப்பாவைக் கேக்கோணுமா?”

அவமானத்தில் அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

குறைந்த பணத்தை ஊர்க்காரர்கள் தலையில் பிரித்துப் போட்டாள். கூடக் கொடுப்பவர்களுக்கு மரியாதையும் கூட வேண்டுமாம். கன்றுகளுக்கு முதல் குடம் யார் ஊற்றுவது?

“நம்ம ரிக் வண்டி நாலு ஸ்டேட்ல ஓடுது. மொதக் கொடம் எனக்குத்தான்” என்றார் போர்வெல் தமிழரசு.

“ஊர்த் தண்ணிய ஆயிரம் அடிக்குக் கீழ எறக்கி உட்டதே நீதான். உனக்கு மொதக் கொடம் வேறயா?” என்றாள் எதிர்வீட்டுச் செல்லாயி.

மூன்று கூட்டம். மூன்று வாரம். ஒரு ரூபாய் வரவில்லை.

“செடி செத்துட்டிருக்குதுங்க!” என்று யுவஸ்ரீ கத்தினாள்.

“பொம்பளப்புள்ள கூட்டத்துல சத்தம் போடாத சாமி” என்றார் பெரியப்பா.

கடைசியில் திருவுளச் சீட்டுப் போட்டார்கள். பெரியப்பா பேரே வந்தது. சீட்டை எழுதிப் போட்டவரும் அவர்தான்.

மறுநாள் காலை மேளத்தோடு ஊரே கரைக்குக் கிளம்பியது. காய்ந்த குச்சிகளைப் பார்க்கப் பயந்து மூன்று வாரமாகக் கரைப் பக்கமே போகாத யுவஸ்ரீ கடைசியாக நடந்தாள். மேளம் நின்றது. எட்டிப் பார்த்தாள். அறுநூறு கன்றும் பச்சைப் பசேலென்று துளிர் விட்டிருந்தன. ஓரமாக நின்ற தண்ணீர் லாரியில் டிரைவர் செல்லமுத்து ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“ஆத்தா காப்பாத்திட்டா!” பெரியப்பா மடியிலிருந்து நோட்டுகளை எடுத்தார். “இந்தா செல்லமுத்து, ஊர் வரி முன்பணம்.”

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் வாங்கக் கூடாதுங்க. காலனிக்காரங்க அவங்களுக்குள்ள தலைக்கட்டு வரி போட்டு மூணு வாரமாத் தண்ணி ஊத்தறாங்க. உங்க வரிய வாங்கறதா வேண்டாமான்னு நாளைக்குத்தான் கூட்டம் போட்டு முடிவு பண்றாங்களாமுங்க.”

“ஏப்ரல் 27. நாளைய வேலை: காலை ஏழு மணிக்குக் காலனிக் கூட்டம். பெரியப்பாவை அழைத்துப் போக வேண்டும்.”