நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த அடுத்த பெரிய நிகழ்ச்சி, அடையாறு 'அன்னைநிழல்' மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஏ.சி. சரியாக வேலை செய்யாத ஓர் அறையில் நடந்தது. சிசேரியன் தையலில் சீழ் பிடிக்காமல் காக்கும் 'சுகப்பட்டை' என்ற ஒட்டுத்துணியைத் தாய்மார்களிடம் சோதித்து, ஒருவருக்குக்கூடச் சீழ் பிடிக்கவில்லை என்று நிரூபித்தோம். 'நிரூபித்தோம்' என்று பன்மையில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. படிவங்களை நிரப்பியவன் நான்தான். பெயர் அய்யாதுரை. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார் இறக்கிய கை இப்போது கட்டங்களில் டிக் அடிக்கிறது.

ஆய்வுக்கு ஐம்பது பேர் வேண்டும். கடைசி நாள் மதியம்வரை நாற்பத்தொன்பது பேர்தான். அப்போதுதான் எஸ்தர் வலியோடு வந்து சேர்ந்தாள். குப்பத்தில் மீன் விற்கிறவள். முதல் குழந்தை தானாகப் பிறந்தது. இதுவும் தலை இறங்கிவிட்டது, இன்னும் சில மணி நேரம்தான் என்றாள் நர்ஸ் ஷாகிரா. நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை போதாது. தலைமை ஆய்வாளர் டாக்டர் மதுமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "குழந்தை களைச்சுப் போயிருக்கு" என்றார்.

கையெழுத்து வாங்க நான் போனேன்.

"இது இன்னா ஆராய்ச்சி சார்?" என்றாள் எஸ்தர்.

"அறுத்த இடத்துல சீழ் பிடிக்காம இருக்கம்மா."

"அறுக்காமலே வுட்டா?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

"கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"அதுக்குத்தானே இது."

கையெழுத்துப் போட்டாள். களைத்துப்போன அந்தக் குழந்தை பிறந்ததும் போட்ட கூச்சலில், கீழ்த்தள மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் தாய்மார்களுக்குப் பளபளக்கும் தாளில் விதிமுறைகள் தருவோம். முதல் விதி: 'முப்பது நாட்களுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது.' எஸ்தர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "லாரித் தண்ணி வந்தா கொடத்த யாரு தூக்குவா சார், நீயா?" என்றாள். 'விதிகளைப் புரிந்துகொண்டார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தாள். ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். உடம்பு கொதித்தது. தையல் பிளந்து சேலைவரை நனைந்திருந்தது. "சீழ். இப்பவே அட்மிட் பண்ணணும், விட்டா உள்ள இறங்கிடும்" என்றாள் ஷாகிரா.

உடனடியாகச் செயலில் இறங்கினோம். அதாவது, கூட்டம் போட்டோம். எஸ்தரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னோம்.

"சீழ்னு எழுதாதீங்க அய்யாதுரை," என்றார் டாக்டர் மதுமதி. "'ஈரப்பதம்'னு எழுதுங்க."

"காய்ச்சல் நூத்தி மூணு மேடம்."

"வெளியில வெயில் எவ்வளவு?"

புள்ளிவிவர நிபுணர் குலாம் முகம்மது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஒரு வழி இருக்கு. அந்தம்மா விதியை மீறியிருந்தா ஆய்வுலேர்ந்து நீக்கிடலாம். சேரவே இல்லாத மாதிரி."

"மீறினதுக்கு ஆதாரம்?" என்றேன்.

எஸ்தரின் கோப்பைப் புரட்டினோம். பிறகு டாக்டர் மதுமதியின் முகத்தில், விஞ்ஞானிகளுக்கே உரிய அந்த ஒளி வந்தது.

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கே மீன் கொண்டுவந்தா. லிஃப்ட் ரிப்பேர். நான்தான் பால்கனிலேர்ந்து, 'கூடையோட மேல வா, பார்த்து எடுத்துக்கறேன்'னேன். மூணு மாடி ஏறினா. என் கண்ணால பார்த்தேன்."

"ஒன்பதாம் நாள்," என்று காலண்டரைப் பார்த்து உறுதி செய்தார் குலாம் முகம்மது. "கூடை என்ன எடை இருக்கும்?"

"ஐஸோட இருபது கிலோ," என்றேன். இந்த ஒரு விஷயத்தில் நான்தான் அங்கே நிபுணன்.

"என்ன மீன் மேடம்?" என்றார் குலாம் முகம்மது.

"சங்கரா. ரொம்ப ஃப்ரெஷ்."

கூட்டக் குறிப்பில் இது 'நேரடிக் களச் சான்று' என்று பதிவானது. சங்கராவைச் சேர்க்கவில்லை. ஆய்வுக்கு அது தேவையற்ற தகவல்.

ஆய்வில் இல்லாதவருக்கு இலவசப் படுக்கை கிடையாது. விலகல் படிவத்தோடு பெஞ்சுக்குப் போனேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று அச்சடித்திருந்தது. மேடம் வீட்டுக்குக் கூடையோடு மாடி ஏறியது விதிமீறல் என்று எஸ்தருக்கு விளக்கினேன்.

"அந்தம்மா தானே மேல இட்டாந்துச்சு?" என்றாள்.

"கூப்பிட்டாங்க. ஏறினது நீங்கதானே?"

"பின்ன மீனு தானா படியேறுமா நைனா? இல்ல, முப்பது நாளு அழுவாம காத்துக்கினு இருக்குமா?"

காய்ச்சலோடு பேனாவை வாங்கினாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. செல்லும் என்றார் குலாம் முகம்மது. அவள் புருஷன் ஏசுராஜ் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் உட்கார வைத்தான். குழந்தையைத் திருப்பி வாங்கும்போது, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டேன்.

"சீழைச் சீழுன்னு சொல்ற ஆஸ்பத்திரிக்கு," என்றான்.

முப்பத்தோராம் நாள் கிண்டியில் நட்சத்திர ஹோட்டலில் மாநாடு. திரையில் ஆள் உயரத்துக்கு எழுத்து: 'பங்கேற்றோர் 49. விதிகளைக் கடைப்பிடித்தோர் 49. சீழ் பிடித்தோர் 0.' அவையே எழுந்து நின்று கைதட்டியது. டாக்டர் மதுமதிக்குப் பித்தளைக் கேடயம் கொடுத்தார்கள். கனம் அதிகம், மேடத்துக்கு முதுகு வலி வரும் என்று கார்வரை என்னைத் தூக்கி வரச் சொன்னார்கள்.

ஆய்வறிக்கைப் பிரதி ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் ஷாகிரா விசாரித்துச் சொன்ன அரசு மருத்துவமனைக்குப் போனேன். எஸ்தர் சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கர்ப்பப்பையை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்று சொல்லி எடுத்துவிட்டார்களாம். ஏசுராஜ் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். என் கையிலிருந்த அறிக்கையையும் பார்த்தாள்.

"இதுல நான் எங்க கீறேன் நைனா?"

கடைசிப் பக்கத்தைப் பிரித்து, 'சீழ் பிடித்தோர்' என்பதற்கு எதிரே என் கையால் நான் போட்ட பூஜ்யத்தைக் காட்டினேன்.