காயில் மாமாவும் சம்பந்தி வீட்டு வான்கோழியும்

கடலூரில் அந்த வருஷங்களில் வெயில் காலத்தில் தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, அத்தனை பேருக்கும் ஒரே காரணம் காயில் மாமாதான். கொசுவெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எது புகைந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். வந்தது திரும்பிப் போகாது. அந்தக் கடையின் மாடியில் நான் குடியிருந்தேன். எப்போது படி இறங்கினாலும் யாராவது ஒருவர் வேர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டு, "மாமா, என் ஃபேனு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாமா நிமிரவே மாட்டார். "நாளைக்கு வா மாப்ள, கம்பி தீந்துபோச்சு" என்பார். கம்பி அவர் விரலிலேயே சுற்றியிருக்கும். ஃபேனுக்குப் போகவேண்டிய அந்த மெல்லிசுச் செப்புக் கம்பியால் மாமா தூண்டில் முள்ளில் இறகு கட்டிக்கொண்டிருப்பார்.

வேறு காலமாக இருந்தால் ஊர் அவரை உதைத்திருக்கும். நல்லவேளையாக மின்வெட்டு வந்தது. பாதி நாள் கரண்டே இல்லாத ஊரில் ஃபேன் இல்லாதது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. மின்வாரியத்தை மனமார வாழ்த்திய ஒரே ஆள் தமிழ்நாட்டில் அவராகத்தான் இருக்கும்.

மாமாவை இந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்ட கதை சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் மிக்ஸி மோட்டாரைக் கொடுக்க வந்தவர், பையிலிருந்து பிய்ந்துபோன ஒரு ஜிக்கை எடுத்து, "இதையும் கட்டித் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். ஜிக் என்றால் ஈயத்தில் தலை வைத்த தூண்டில் முள். வாலில் மெத்தென்ற இறகு கட்டியிருக்கும். தண்ணீரில் போட்டு, விட்டு விட்டு இழுத்தால், ஏதோ குட்டி இறால் நீந்துகிறது என்று கொடுவா மீன் ஏமாந்து கவ்வும். சுற்றிக் கட்டுகிற எதுவும் தன் தொழில் என்று நினைக்கிற மனுஷர், வாங்கி வைத்துக்கொண்டார். மிக்ஸி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி.

அதற்கப்புறம் மாமாவிடம் இறகைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"தம்பி, கோழி முதுகு இறகெல்லாம் குப்பை. தண்ணியில வெறைப்பா நிக்கும். வான்கோழிதான் வேணும். அதுலயும் தொடைக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குது பாரு, பஞ்சு மாதிரி, அதான் இறகு. நடுத்தண்டு தடியா இருந்தா தூக்கிக் கடாசு."

எச்சில் தொட்டு இறகை நீவுவார். அது பூனை வால் மாதிரி ஒடுங்கும். முள்ளின் மேல் வைத்து, இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, முதல் சுற்றுகளைத் தளர்வாக விட்டு, அப்புறம் ஒரே இழுப்பில் இறுக்குவார். வால் நீளமாகிவிட்டால் நகத்தால்தான் கிள்ளுவார். கத்தரிக்கோலைக் கண்டாலே ஆகாது. "வெட்டுனா மொட்டை பிரஷ்ஷு ஆயிடும். மீன் என்ன பல்லா தேய்க்கப்போவுது?" கடைசியில் கட்டின இடத்தில் நெயில் பாலீஷ் பூசுவார். அது அவர் மகள் ஸ்டெல்லாவுடையது. அந்தப் பெண் விரலில் பூசியதைவிட முள்ளில் பூசப்பட்டதுதான் ஜாஸ்தி.

இவ்வளவு கட்டியவர் ஒரு நாள்கூட மீன் பிடிக்கப் போனதில்லை. ஏன் மாமா என்று கேட்டேன்.

"கடிச்சு நாசம் பண்ணிடும் தம்பி" என்றார். முகத்தில் உண்மையான கவலை.

இப்படி இருக்கும்போது ஸ்டெல்லாவுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டார் வந்து பார்த்துப் போனார்கள். ஸ்டெல்லாவுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கிளம்புமுன் அக்கா, அதாவது மாமாவின் சம்சாரம், பைபிளை நீட்டி, "அங்க போயி இறகு, கோழின்னு வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றார். மாமா பண்ணினார். ஸ்டெல்லா வாசல்வரை வந்து மெதுவாக, "கெடுத்துடாதீங்கப்பா" என்றாள். மாமா தலையை ஆட்டினார்.

அவர் வாயைத் திறக்கவே இல்லை. நானே சாட்சி. ஆனால் டிசம்பர் மாதம். மாப்பிள்ளை வீட்டுப் பின்கட்டில் கிறிஸ்துமஸுக்காக வெள்ளை வெளேரென்று ஒரு வான்கோழியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவப் போன மாமா வெகுநேரமாக வரவில்லை. திடீரென்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூப்பாடு. ஓடிப்போய்ப் பார்த்தால், மாமா வான்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் அடிவயிற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாரா? கூடத்துக்கு வந்து உட்கார்ந்தவர், பிடுங்கின இறகைத் தனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் போட்டு ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அது தண்ணீருக்குள் விரிந்து விரிந்து ஒடுங்கியது. "மூச்சு வுடுது பாருங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, மறைக்காம சொல்லு. இது அவுங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதா?"

மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வை அவருக்கு இன்னும் போகவில்லை. டம்ளரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல மீன் மாட்டுமா?" என்றார்.

"மாட்டும்."

"கண்ணால பாக்கணும். மாட்டுச்சுன்னா நீங்க வித்தைக்காரரு. மாட்டலன்னா வேற மாதிரி. அப்புறம் யோசிச்சுதான் பொண்ணு எடுக்கணும்."

ஆக, ஸ்டெல்லாவின் கல்யாணம் ஒரு கொடுவா மீனின் பசியில் போய் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் கழிமுகத்தில் கூடினோம். பாண்டிச்சேரிக்காரர் தூண்டில் கம்பும் ரீலும் கொடுத்து, வீசவும் சொல்லிக் கொடுத்திருந்தார். மாமா அந்த வான்கோழி இறகிலேயே கட்டின ஒரு வெள்ளை ஜிக்கை எடுத்தார். அவ்வளவு அழகாக ஒன்றை அவர் அதுவரை கட்டினதில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "கடிச்சா கடிக்கட்டும்" என்று முணுமுணுத்தார். அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வீச்சு மரத்தில் மாட்டியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு சேற்றில் இறங்கிப் போய் அதை எடுத்து வந்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் ஏறியது. வீசினார், இழுத்தார், ஒன்றும் இல்லை. கண்டக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தபோதுதான் கம்பு வளைந்தது.

ஒரு கொடுவா தண்ணீரைப் பிளந்துகொண்டு எழும்பியது. எங்கள் கண்ணெதிரே தலையை ஒரு உதறு உதறியது. முள் கழன்றது. மீன் போயே போய்விட்டது.

மாமா நூலைச் சுருட்டி, இறகு பாதி பிய்ந்த ஜிக்கைக் கண்ணருகில் கொண்டுபோனார். "பாருங்க சம்பந்தி, கம்பி ஒரு சுத்துகூட நழுவல" என்றார்.

கண்டக்டர் செருப்பைக் கழற்றினார். "இன்னொண்ணு வச்சிருக்கீங்களா? கம்ப இப்படிக் குடுங்க."

அப்புறம் சாயங்காலம்வரை கம்பு மாமா கைக்குத் திரும்பி வரவில்லை. நடுவில் கண்டக்டருக்கு வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. பேசி முடிக்கிற பொறுமை அவருக்கு இல்லை. "வித்தைக்காரருதான்டீ, வித்தைக்காரருதான். கல்யாணம் நடக்கும், நீ மொதல்ல ஃபோன வை, மீனு ஓடிடும்" என்றார். கடைசியில் கையளவு கெளுத்தி ஒன்று மாட்டியது. அதைத் திருவிழாச் சப்பரம் மாதிரி ஏந்திக்கொண்டு சிதம்பரம் போனார்.

கோடையில் கல்யாணம். மண்டபத்தில் பெண் வீட்டார் எல்லோரும் ஓடியாடிக்கொண்டிருக்க, சம்பந்திகள் இருவரும் ஒரு மூலையில் இறகு பேசிக்கொண்டிருந்தார்கள். பிரியாணிக்கு ஏன் வான்கோழி போடவில்லை என்பதுதான் கண்டக்டருக்கு இருந்த ஒரே மனக்குறை.

மாலையில் ஸ்டெல்லா அழுதுகொண்டே காரில் ஏறினாள். கார் சிதம்பரம் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் மாமா அங்கேயே நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"தம்பி, அன்னைக்கு அந்த மீன் கடிக்காம இருந்திருந்தா இவ இங்கதான இருந்திருப்பா?"

அவர் கையைப் பிடித்து டீ குடிக்க நடத்திக்கொண்டு போனேன். டீக்கடை வந்த பிறகும் விட மனசு வரவில்லை.