கோட்டுப் போட்ட ஆபீசர்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், தான் செத்த பிறகு இன்சூரன்சு ஆபீசில் எப்படிப் பேசுவது என்று எனக்குச் சொல்லித் தர முடிவு செய்தார் என் வீட்டுக்காரர் அல்போன்ஸ்.

மறுநாள் இண்டூரில் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கப் போகிறார். இரட்டைக் கூலியாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ராமக்காள் அக்காவின் புருசன் நஞ்சப்பன் அதே வேலைக்குப் போய்த்தான் போன ஆடியில் பாறையோடு போனார். அக்கா ஆபீசுக்கு நாலு தடவை நடந்தாள். இன்சூரன்சு பாரத்தில் தொழில் விவசாயம் என்று இருக்கிறது, வெடி வேலையை மறைத்துவிட்டீர்கள் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தை எழுதினது ஏஜெண்டு. ஊரில் எல்லோருக்கும் விவசாயம் என்றுதான் எழுதினான். எங்களுக்கும்.

போகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"இன்சூரன்சு இருக்குதில்ல, எதுக்குப் பயப்படறே? ராமக்காளுக்குப் பேசத் தெரியல. நீ அவளுக்கும் மேல. ஆளக் கண்டா கதவுக்குப் பின்னால போயி நிக்கறவ. வா, பழகிக்க."

கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். நான் இடுப்பில் குழந்தையோடு எதிரே நின்றேன்.

"உம் புருசன் எப்படிம்மா செத்தான்?"

நிசமாகவே அழுகை வந்துவிட்டது. "காய்ச்சலுங்க, சார்."

"முன்னாடி காய்ச்சல் வந்திருக்குதா?"

"பொங்கலுக்கு ஒருநா..."

"மறைச்சிட்டீங்க. பணம் கெடையாது."

கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆபீசர் வேலை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

"இல்லீங்க சார், பாம்பு கடிச்சிருச்சு."

"பாம்பு எங்க? கொண்டாந்தியா?"

"அது ஓடிருச்சுங்களே."

"பாம்பு வராம பணம் வராது."

"பஸ்சு மோதிருச்சுங்க, சார்."

"டிக்கெட்டக் காட்டு."

"ரோட்டோரமா நின்னாருங்க."

"நிக்கச் சொன்னது யாரு?"

குழந்தையை இறுக்கிக்கொண்டு, கடைசிக்கென்று வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கெணத்துல வெடிச்சிருச்சுங்க, சார். இண்டூர்ல."

"பாரத்துல விவசாயம்னு இருக்குதே. வெடி எங்கிருந்து வந்துச்சு?"

"அது ஏஜெண்டு எழுதினதுங்க."

"கையெழுத்து?"

"எங்க வூட்டுக்காரருதுங்க."

"அப்பறம் என்ன? போ, போ. புள்ளையத் தூக்கிட்டு வந்து இங்க நிக்காதே."

"சரிங்க, சார்." திரும்பி வாசற்படியைத் தாண்டினேன்.

"ஏ புள்ளே, எங்க போறே?"

"ராமக்காள் அக்காகிட்டங்க. அவங்க கல்லு ஒடைக்கற எடத்துல இன்னொரு ஆளுக்கு எடமிருக்குதான்னு கேக்கத்தான்."

அவர் எழுந்திருக்கவில்லை. கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மேஸ்திரி கோவிந்தன் வாசலில் சைக்கிள் மணி அடித்தார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அல்போன்சு, கெளம்பலியா?"

"வர்லீங்க. நான் கெணத்துல செத்தா வூட்டுல இருக்கறவளுக்கு ஒண்ணும் தரமாட்டாங்களாம்."

"யாருய்யா சொன்னது?"

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நாந்தாங்க."