தேங்காயிடம் தோற்ற கத்தி

என் வாழ்க்கையில் நான் சொந்தக் கையால் அடித்து முடித்த கத்தி ஒன்றே ஒன்றுதான். அது இதுவரை எதையும் வெட்டியதில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டிய வயதில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர் பிறப்பித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. லுக்குட்டிலிருந்து நாலு கல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஸ்டோரில் வேலை. (ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக உருட்டும் இடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம்.) அங்கங்கே சிதறிக் கிடந்த எங்கள் வரிசை வீடுகளான லயங்களை ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்களை அந்த வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. இப்படிப்பட்ட காலத்தில் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு தேவைப்பட்டது. உலகத்தில் எத்தனையோ இருக்க, நாங்கள் தேர்ந்தெடுத்தது கத்தி செய்வது. (புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். என் அம்மா அப்போதே கேட்டுவிட்டார்.)

நாங்கள் மூன்று பேர். மூவர் பரம்பரையிலும் கொல்லர் கிடையாது. ஆரோக்கியம் தோட்டத்து லாரிகளைப் பழுதுபார்ப்பவன். உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கையில் எடுத்தால் அதற்குள் என்ன கத்தி இருக்கிறது என்று சொல்லிவிடுவான். வேலு மரம் வெட்டுபவன். தினமும் பால்கத்தி தீட்டிய கை. கூர் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எனக்கு இருந்தது வாய். ஆரோக்கியம் அடிப்பான், வேலு தீட்டுவான், நான் விளக்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய புகைக் கொட்டகைக்குப் பின்னால் கூடுவோம். தண்டவாளத் துண்டு ஒன்றுதான் பட்டறைக்கல். சைக்கிள் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அடுப்புக்குக் காற்று போகும்படி ஆரோக்கியம் ஒரு விசிறி செய்திருந்தான். சிரட்டைக் கரிதான் எரிப்பது. ஒருவன் கண்டுபிடித்ததை மற்றவனிடம் மறைக்கக் கூடாது என்பது எங்களுடைய ஒரே சட்டம். காய்ந்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் நழுவினால் அதுதான் சமயம், உடனே முக்கு என்று ஆரோக்கியம் சொன்னான். தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும், எண்ணெயில்தான் முக்க வேண்டும் என்பதை வேலு ஒரு நல்ல கத்தியைப் பலிகொடுத்துத் தெரிந்துகொண்டான்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். எண்ணெயில் முக்கிய கத்தி விறைத்துப்போயிருக்கும். கீழே விழுந்தால் கண்ணாடிபோல உடையும். அதன் மேற்புறத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடி இளம் அனலில் காட்டி விறைப்பைக் குறைக்க வேண்டும். அப்போது இரும்பின்மேல் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம். அதிலேயே எடுத்துவிட வேண்டும். விட்டால் பழுப்பு, ஊதா, நீலம். நீலத்தையும் தாண்டிச் சிவக்கவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண், கத்தி தகரமாகிவிடும். வைக்கோலுக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான் இருக்கும்.

இந்தப் பாடத்தை என்னைப்போல் சொல்ல ஆளில்லை. தெமியாங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் இதை நான் சொல்லத் தொடங்கி, பக்கத்து இலைக்காரர் ரசத்தோடு எழுந்து போய்விட்டார்.

எங்கள் சுத்தியல் சத்தம் வேலியைத் தாண்டிக் குன்றுப் பக்கம் ரோந்து போனவர்களின் காதில் விழுந்திருக்கிறது. ஒரு ஞாயிறு மதியம் லாரி நிறைய போலீஸ் வந்து இறங்கியது. வந்த இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரர், குரலை உயர்த்தாதவர். அதனாலேயே பயமாக இருந்தது. கொட்டகையைக் கிளறியதில் பாதி முடிந்த கத்திகள் மூன்று கிடைத்தன. லயத்து ஜனமெல்லாம் கூடிவிட்டது. தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியும் ஓடிவந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். “உங்களுக்கெல்லாம் விளையாட வேறை சாமான் கிடைக்கேல்லையோ?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இது யாருக்கு?” என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

“சமையலுக்கு, துவான்” என்றேன். துவான் என்றால் ஐயா.

“பாதிக் கத்தி யாருக்கென்று சொல்லாது” என்றார் அவர். “காட்டுக்குப் போகிற கத்தியும் இப்படித்தான் இருக்கும்.”

அந்த நாளில் சந்தேகம் போதும். கூட்டிக்கொண்டு போனால் எப்போது திரும்பி வருவோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆரோக்கியத்தின் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள்.

“உங்களில் கொல்லன் யார்?”

புத்தியுள்ளவன் தரையைப் பார்த்திருப்பான். நான் கூட்டத்தைப் பார்த்தேன். அங்கே மூன்றாவது லயத்து அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவள் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான், துவான்” என்று முன்னால் போனேன். அதுவரை நான் தனியாக ஒரு ஆணிகூட அடித்து முடித்ததில்லை.

“அப்படியானால் என் கண்முன்னால் ஒன்று செய்து முடி. எப்பேர்ப்பட்ட கத்தி என்று பார்க்கிறேன்.”

அடுப்பை மூட்டும்போது ஆரோக்கியம் என் காதருகே குனிந்தான். “கோபாலு, கெட்டுப்போற மாதிரி செய்லா. நல்லா வந்துச்சுன்னா மூணு பேரும் உள்ளதான்.”

“எல்லாரும் பாக்குறாங்கடா. எம்பேரு என்னாவுறது?”

“எந்தப் பேருலா? இன்னும் பேரே எடுக்கலியே நீ.”

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அஞ்சலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே கத்தியைக் கெடுப்பதா? சிறைக்குப் போனாலும் நல்ல கத்தி செய்தவனாகப் போவது என்று முடிவு செய்தேன். (இரண்டு கூட்டாளிகளையும் கூட இழுத்துக்கொண்டு போகிறோமே என்ற யோசனை அந்த மண்டையில் உதிக்கவே இல்லை.)

அடித்தேன். ஞாயிறுதோறும் வேடிக்கை பார்த்தது வீண்போகவில்லை; பட்டை நீண்டது, மூக்கு வந்தது, முதுகு நேராக நின்றது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களில் டின் என்றொருவன், கோலா கிளாவாங்காரன். அவன் வீட்டில் பாராங் என்னும் வெட்டுக்கத்தி அடிப்பார்களாம். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக அடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். காந்தம் நழுவியதும் நான் கத்தியை எண்ணெயில் முக்க, அவன் தன்னை மறந்து “பாகுஸ்” என்று பாராட்டினான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. “பரவாயில்லை, பொடியன் திறமாய்த்தான் செய்யிறான்” என்றார் பெரிய கிராணி. இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. ஆரோக்கியத்தின் முகம் வெளுத்தது.

கத்தியைத் தேய்த்து வெள்ளையாக்கி, நிறம் பார்க்க அனலில் காட்டினேன். விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்த ஆரோக்கியம் அப்போதுதான் தேன் ஒழுகும் குரலில் கேட்டான்.

“கோபாலு, இந்தக் கலரு ஏன் ஓடுதுன்னு துவானுக்குக் கொஞ்சம் சொல்லேன்.”

கேட்க வேண்டுமா. அடுப்புக்கு முதுகைக் காட்டி, கையில் பிடித்த இடுக்கியை அப்படியே பின்னால் நீட்டியபடி, இன்ஸ்பெக்டரை நோக்கித் திரும்பினேன். வைக்கோலில் தொடங்கினேன். விறைப்பு என்றால் என்ன, அதை ஏன் குறைக்க வேண்டும், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் சொன்னேன். ஓரக்கண்ணால் அஞ்சலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“சுடா பிரு, பாங்” என்றான் டின். நீலமாகிவிட்டது அண்ணே என்று அர்த்தம். என் பேச்சுக்கு நடுவே ஒரு போலீஸ்காரன் குறுக்கிடுவதா? இரு என்று கையைக் காட்டினேன். வேலு டின்னின் தோளைத் தொட்டு, ஏதோ கேட்கிற சாக்கில் அந்தப் பக்கம் அழைத்துப் போனான். விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுவதுபோல் தோன்றியது. எனக்கு மரியாதை செய்கிறான் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேசி முடித்துக் கத்தியை வெளியே எடுத்தபோது கொஞ்சம் சிவந்திருந்ததுபோல் பட்டது. வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலு தீட்டிக் கொடுத்தான். பிடிக்குச் சாக்குத்துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். யாரோ ஒரு வீட்டிலிருந்து மட்டை உரித்த தேங்காய் ஒன்றைக் கொண்டுவந்து தண்டவாளத்தின்மேல் வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஓங்கி ஒரு போடு போட்டார்.

தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தி மட்டும் நடுவில் மடங்கி, தேங்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. அவர் அதைத் தண்டவாளத்தில் தட்டி நிமிர்த்தி மறுபடி வெட்டினார். மறுபடி மடங்கியது. கூட்டத்தில் முதலில் சிரித்தது ஆரோக்கியத்தின் மனைவி. பிறகு ஒருவர் பாக்கியில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். கண்ணில் வந்தது புகையால் என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் அன்று முதல்முறையாகப் புன்னகை செய்தார். “இதுபோல் நூறு செய்து காட்டுக்குக் கொடுத்தால், எங்கள் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்” என்றார். பாதிக் கத்திகளையும் விசிறியையும் எடுத்துக்கொண்டார். இனிமேல் அடுப்பு எரியக் கூடாது என்று சொல்லி எங்களை விட்டுவிட்டுப் போனார். என் கத்தியை மட்டும் எடுக்கவில்லை. பறிமுதல் பட்டியலில் அதை என்னவென்று எழுதுவது என்று கிராணியிடம் கேட்டாராம்.

ஒரு வாரம் நான் தலைநிமிரவில்லை. அதற்குள் தோட்டத்தில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. கூட்டாளிகளைக் காப்பாற்றத்தான் கோபால் வேண்டுமென்றே கத்தியைக் கெடுத்தானாம், அவ்வளவு பேர் முன்னால் அவமானத்தைத் தாங்கிக்கொண்டானாம். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அடக்கமாகத் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு மாதத்தில் அஞ்சலையின் அப்பாவே எங்கள் வீடு தேடி வந்தார். “தன்மானத்தவிட சினேகிதம் பெருசுன்னு நெனைக்கிற ஆளு. வேற என்னா வேணும்?” என்று பெண்ணைக் கொடுத்தார். ஆரோக்கியத்துக்குப் பிறந்த மகள் எங்கள் கல்யாணத்தில் தொட்டிலில் தூங்கினாள்.

அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்தபின், ஆரோக்கியம் புதிதாக ஒரு விசிறி செய்ய, மறுபடி அடுப்பு மூட்டினோம். இந்தமுறை நாலு பேர். போலீஸ் வேலையை விட்டுவிட்டு லுக்குட்டில் குடியிருந்த டின்னும் சேர்ந்துகொண்டான். முதல் ஞாயிறே, அஞ்சலை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த நேரம் பார்த்து, அத்தனை நாள் மனதில் வைத்திருந்ததைக் கேட்டான். நீலமாகிவிட்டது என்று தான் சொன்னபோது நான் ஏன் காதில் வாங்கவில்லை என்று.

ஆரோக்கியம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “கெடுக்கச் சொன்னா இவன் கெடுக்க மாட்டான்னு தெரியும்லா. அதான் பேசச் சொன்னேன்.”

ஆறு வருடம் காப்பாற்றிய மரியாதை போயிற்று என்று அஞ்சலையைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “வேணும்னு கெடுத்த ஆளு மூக்க உறிஞ்சிக்கிட்டா நிப்பான்?”

“அப்ப ஊரு பூரா அப்படிப் பேசிக்கிட்டாங்களே?”

“நான்தான் கெளப்பிவிட்டேன். வேற என்னா சொல்லி எங்கப்பாவ சம்மதிக்க வைக்கிறது?”

அதன்பிறகு நான் கத்தி அடிக்கவில்லை. விசிறி சுற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப்போல் மகிழ்ச்சியான நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கத்தி இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. மடங்கிய இடம் சரியாகத் தோசையின் அடியில் நுழைகிறது. இத்தனை வருடத்தில் ஒரு தோசையும் பிய்ந்ததில்லை. எங்கள் வீட்டில் யாராவது பேச்சை நீட்டினால் பேரப்பிள்ளைகள்வரை “சுடா பிரு” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் எனக்குத்தான் சொல்கிறார்கள்.

இதை எழுதி முடித்து, அடுப்படியில் நின்று அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன். தோசையைத் திருப்பிவிடச் சொல்லி அவள் அந்தக் கத்தியை என் கையில் கொடுத்திருந்தாள்; தோசை கருகியே போய்விட்டது. அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, “பிரு” என்றாள்.